கோட்டின் மேல் புள்ளிகள்

நன்செய் என்ற கிரகத்துக்கும் நமக்கும் ஒரே வருஷக்கணக்கு என்று தெரிந்த நாளில் ஊர் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அது தன் சூரியனை ஒருமுறை சுற்றிவர முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஆகிறதாம், கூட ஒரு கால் நாள். "சிவகாசிக்காரன் அங்கயும் காலண்டர் விக்கலாம்டா" என்று டீக்கடைகளில் சிரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பரிசுக்காக அந்தக் கிரகத்தை வரைந்து தள்ளினார்கள். யாரும் கண்ணால் பார்க்காத கிரகம்தானே, ஆளுக்கொரு கலர். நம் பூமிக்கு ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்று மேடையில் பேசினார் ஓர் அமைச்சர். அதிசயப் பொருத்தம் என்று எல்லாரும் கைதட்டினார்களே ஒழிய, இவ்வளவு பொருத்தம் எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடித்த வானியலாளர் தையல்நாயகியே கேட்கவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

நன்செய் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். சீர்காழிப் பக்கத்துக்காரி, தண்ணீர் நிற்கும் நிலத்துக்கு அவள் வாயில் வேறென்ன பெயர் வரும்! அதற்கப்புறம் நாரை என்று ஒரு கலம் கட்டி, இருநூறு பேரை அதில் ஏற்றி நன்செய்க்கு அனுப்பியது உலகறிந்த கதை. அந்த இருநூறு பேரில் தையல்நாயகியின் ஒரே மகள் நித்திலாவும் ஒருத்தி. போய் இருபது வருஷம் ஆகிறது. சேர இன்னும் முப்பது வருஷம் வேண்டும். கலத்தில் எரிபொருள் போய்ச் சேர்ந்து நிறுத்துவதற்குத்தான் இருக்கிறது, திரும்பி வருவதற்கு இல்லை. தெரிந்தேதான் ஏறினார்கள். கலத்திலேயே பிறந்த பிள்ளைகள் இப்போது அ, ஆ தாண்டி வாய்ப்பாடு படிக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தி நாள். கல்வராயன் மலைமேல் இருக்கும் தொடர்பு நிலையத்தில் கலத்தில் போனவர்களின் குடும்பத்தார் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசலாம். அது கலத்துக்குப் போய்ச் சேர இரண்டு வருஷம் ஆகும். அங்கிருந்து வருவதும் இரண்டு வருஷப் பழசுதான். இருந்தாலும் ஒருத்தரும் தவறுவதில்லை. தையல்நாயகியும் அன்று காலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரளப் புரள மலையேறி வந்து இறங்கினாள்.

வாசலிலேயே மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். ஆத்தூர்க்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் நாலு பேர் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் "உள்ள தள்ளி நில்லுங்க" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிடும். அவர் மகன் வசந்தனும் கலத்தில் இருக்கிறான், தச்சுவேலைக்காரன்.

"வாங்க மேடம், வாங்க. நம்ம நன்செய்ல இப்ப என்னங்க, மழையா வெயிலா?"

ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது இதுதான். அவளும் ஒவ்வொரு முறையும் சளைக்காமல் சொல்வாள்.

"ஆவணி பொறந்தாச்சுல்ல. அங்கயும் வெயில் தாழ்ந்திருக்கும்."

"அதானே பாத்தேன்!" அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். "வசந்தன் போன தடவ பேசறப்ப என்ன சொன்னாந்தெரியுங்களா? வீட்டுக்கு எடம் இப்பவே சொல்லி வச்சுட்டானாம். வாசல்ல நின்னா ஆறு தெரியணுமாம். நம்மூரு ஆத்துல தண்ணி வந்து எத்தன வருசமாச்சு, அந்த ஏக்கம் பயலுக்கு. நீச்சல் ஒரு கை தெரியாது, ஆத்தங்கரைல வூடு கேக்கறான் பாருங்க!"

தையல்நாயகி வாய்விட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் கடைசி.

உள்ளேயிருந்து ஷம்ஷாத் கூப்பிட்டு அனுப்பினாள். ஷம்ஷாத்தான் இப்போது நிலையத்தின் தலைவி. நித்திலாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், தையல்நாயகியின் கையால் எத்தனையோ நாள் மோர்க்குழம்பும் சோறும் சாப்பிட்டவள். அதனால் மேடம் கீடம் எல்லாம் கிடையாது, அம்மாதான்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லவா?"

"டீ கெடக்கட்டும். மொகம் ஏண்டி இப்படி வெளுத்திருக்கு? கலத்துல ஏதாவதா?"

"கலத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க." ஷம்ஷாத் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நெலாவோட அந்தப் பக்கம் ஒரு பெரிய தொலைநோக்கி வச்சாங்கல்ல. மொத வேலையா நன்செய் பக்கம்தான் திருப்பினாங்க. நேராப் படமே எடுத்துடலாம்னு."

தையல்நாயகி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "எடுத்துட்டாங்களா? எங்க, காட்டு!"

"அங்க ஒண்ணும் இல்லம்மா."

"அந்தச் சமயத்துல நட்சத்திரத்துக்குப் பின்னாடி போயிருக்கும். அவசரக் குடுக்கைங்க, ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கணும்."

"ஒரு வருஷம் முழுக்கப் பாத்துட்டாங்க. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அங்க கிரகமே இல்லம்மா."

"அப்ப நான் அளந்தேனே, அந்த ஆட்டம்? கிரகம் இழுக்காம நட்சத்திரம் சும்மாவா முன்னயும் பின்னயும் ஆடுச்சு?"

"ஆடினது நட்சத்திரம் இல்ல. நாமதான்."

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. "நம்ம ஓட்டத்தக் கழிக்காமயா விட்டேன்? பூமி சூரியனச் சுத்துதுன்னு எனக்கே பாடமா?"

"கழிச்சீங்கம்மா. ஆனா அந்த நட்சத்திரம் வானத்துல எங்க இருக்குன்னு சரியாத் தெரிஞ்சாத்தானே சரியாக் கழிக்க முடியும்? நீங்க எடத்தப் பழைய நட்சத்திர அட்டவணைலேர்ந்து எடுத்திருக்கீங்க. அட்டவணை போட்டப்புறம் நட்சத்திரம் ஒரு துளி நகந்துபோச்சு. எடம் துளி தப்பினதுல கழிவும் துளி தப்பிடுச்சு. நம்ம ஓட்டத்துல சின்ன மிச்சம் ஒண்ணு அதுல ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. அது..."

"வருஷத்துக்கு ஒரு தடவ ஆடும்" என்று தையல்நாயகியே முடித்தாள். "முந்நூத்தி அறுபத்தஞ்சே கால் நாளுக்கு ஒரு தடவ."

பூமியில் உட்கார்ந்துகொண்டு பூமியைக் கண்டுபிடித்திருக்கிறாள்! பஸ்ஸில் போகிறவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, புளியமரம் ஓடுகிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்ன கதை. ஊரும் வந்து பார்த்து, ஆமாம் ஓடுகிறது என்று கைதட்டியிருக்கிறது.

"மத்தவங்கள்லாம் சரி பாத்தாங்களே, ஷம்ஷாத். ஒருத்தர் ரெண்டு பேரா?"

"அதே அட்டவணைய உங்ககிட்ட கேட்டு வாங்கித்தான்மா பாத்தாங்க. உங்க கைன்னா யாரு சந்தேகப்படுவாங்க?"

அவள் கை! அந்தக் கையின் மேல் அவளுக்கு இருந்த திமிர் லேசுப்பட்டதா? கிளம்புவதற்கு முந்தின வாரம் நித்திலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், "நீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் நின்னுடறேம்மா. சொல்லு, போகவா வேணாமா?" பெற்ற மகள் போகாதே என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள், அது புரிய வேண்டாமா ஒரு தாய்க்கு? புரியவில்லை. "ஏன், என் கணக்கு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டாள் இவள். நித்திலா எழுந்து துணிமணிகளை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

அழுகை வந்தால் தேவலை. வரவில்லை.

"கலத்துக்குச் சொல்ல வேணாம்ங்கறாங்க விண்கல வாரியத்துல" என்றாள் ஷம்ஷாத். "சொல்லி என்ன பண்றது, திரும்பவா முடியும்? போய்ச் சேர்ற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமேன்னு அவங்க நெனப்பு. ஆனா கண்டுபிடிச்சது நீங்க, பொண்ணும் உள்ள இருக்கா. அதனால முடிவ உங்ககிட்ட விட்டுட்டாங்க. இங்க அடுத்த மாசம் எப்படியும் கட்டுரை வந்துடும்."

"கட்டுரைல என் பேரயும் சேரு. தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன். கலத்துக்கும் இன்னிக்கே சொல்லிடறேன். எம்பொண்ணுகிட்ட நான் பொய் சொன்னதில்ல, இனிமே புதுசா ஆரம்பிக்கப் போறதும் இல்ல."

ஷம்ஷாத் மேஜைமேல் இருந்த திரையைத் திருப்பி வைத்தாள். "பேசறதுக்கு முன்னாடி, இன்னிக்கு அவ அனுப்பினது வந்திருக்கு. பாத்துடுங்கம்மா."

திரையில் நித்திலா வந்தாள். காதோரம் நரை. கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் மகள் அல்லி. "பாட்டி! நன்செய்ல நான் ஆடு வளக்கப்போறேன். வெள்ளாடு. அம்மா சரின்னுட்டா" என்று கத்திவிட்டு ஓடிவிட்டாள். நித்திலா சிரித்தாள்.

"அம்மா, எப்படி இருக்க? மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கறியா? இந்த வருஷத்து அளவும் எடுத்துட்டேன், பாரு. உன் நன்செய் ஒரு நாள் பிசகல. கடிகாரம் கெட்டுது போ!" என்று ஒரு வரைபடத்தைத் தூக்கிக் காட்டினாள். அலை அலையாக ஏறி இறங்கும் கோடு. அதன்மேல் கோத்து வைத்த மணிகள்போல வரிசையாகப் புள்ளிகள்.

கலத்தின் வானியலாளர் நித்திலாதான். சின்னதாக ஒரு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வருஷந்தோறும் அந்த நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்து அனுப்புவாள். அந்த வரைபடங்கள் தையல்நாயகியின் வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன் அவற்றைக் காட்டுவாள்.

இப்போதுதான் அழுகை வந்தது. "பாவி மக, இவளும் என் அட்டவணைய வச்சுத்தானே கழிச்சிருப்பா. என் தப்பையே திரும்பத் திரும்ப..." என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டவள், சட்டென்று நிறுத்தினாள்.

கலம் சூரியனைச் சுற்றவில்லையே.

அது பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு ஏது வருஷம், ஏது சுற்று? அட்டவணை தப்போ சரியோ, அங்கே ஒட்டிக்கொள்ள ஆட்டமே கிடையாது.

"ஷம்ஷாத். பஸ்ல போறவளுக்கு மரம் ஓடற மாதிரித் தெரியும். சரி. பஸ்ஸ விட்டு எறங்கிட்டவளுக்கு?"

ஷம்ஷாத் கையை நீட்டிப் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

"சொல்லுடி. எறங்கி நிக்கறவ கண்ணுக்கு மரம் எப்படி ஓடும்?"

"ஓடாதும்மா."

"அப்ப இது என்ன?"

திரையில் நித்திலா வரைபடத்தைப் பிடித்தபடி உறைந்து நின்றாள். தையல்நாயகிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கிளம்பிய புதிதில் இரண்டு மூன்று வருஷம் அளவே வரவில்லை. கருவி பழுது, சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னாள். அப்புறம்தான் இந்த அழகான வரைபடங்கள் வர ஆரம்பித்தன. நித்திலாவின் கை இவளுக்குத் தெரியாதா? படிக்கிற காலத்தில் அவள் போடும் புள்ளிகள் கோழி கிளறின மாதிரிக் கிடக்கும். எந்த அளவும் அப்படித்தான் கிடக்கும், ஒன்று மேலே போகும், ஒன்று கீழே வரும். இதில் ஒரு புள்ளி கூடக் கோட்டை விட்டு விலகவில்லை. மகள் தேறிவிட்டாள் என்றல்லவா இத்தனை நாள் பெருமைப்பட்டுச் சுவரில் மாட்டி வைத்தாள்!

"அவளுக்குத் தெரியும்" என்றாள் தையல்நாயகி. "கெளம்பின ரெண்டு மூணு வருஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. கருவில ஒரு பழுதும் இல்ல. அங்க ஆட்டம் இல்ல, அதான் அனுப்பல. அப்புறம் எனக்குன்னு உக்காந்து வரைய ஆரம்பிச்சிருக்கா."

"நேத்துத்தான் எனக்கும் புரிஞ்சுதும்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..." ஷம்ஷாத் அழுதுகொண்டிருந்தாள். "அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்து மத்தவங்களுக்குத் தெரியாம இருக்க முடியாது. அது சின்ன எடம். பெரியவங்க எல்லாருமாச் சேந்துதான் மறைச்சிருக்காங்க. பிள்ளைங்களுக்காக. நமக்காகவும்."

"அம்மா தாங்க மாட்டான்னு நெனச்சுட்டா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. தாங்கியிருக்க மாட்டாள்தான். இந்த வரைபடங்கள் வராமல் இருந்திருந்தால் எப்போதோ செத்திருப்பாள். ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மகள், அனுப்பி வைத்தவளை வருஷா வருஷம் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே கூடத்தில் மாசிலாமணி தனக்குப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்.

"என்னங்க மேடம், கண்ணு செவந்திருக்கு? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

அடுத்த மாதம் பேப்பரில் படித்து இவர் தெரிந்துகொள்வதா? தையல்நாயகிக்கு மனசு ஒப்பவில்லை. உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். கண்டக்டருக்குப் பஸ்ஸையும் புளியமரத்தையும் விளக்கவா வேண்டும், ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார். ஆனால் பிடித்ததை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப ஆறு?"

"இல்லீங்க."

"ஆறு வேணாம். ஒரு குளம் குட்டை?"

"எதுவுமே இல்லீங்க. நெலமே இல்ல."

"பையனுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். அங்க பெரியவங்க எல்லாருக்கும் ரொம்ப நாளாத் தெரியும்."

மாசிலாமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சேவா வூட்டுக்கு எடம் பாத்தான்?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவங்கம்மா தவறிப்போனப்புறம் நான் சரியாச் சோறு திங்கறதில்லன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல. அதுலேர்ந்துதான் இந்த ஆத்தங்கரைப் பேச்சே. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சேத்துச் சேத்துச் சொல்லுவான். படிக்கட்டு வப்பானாம், தென்னங்கன்னு வப்பானாம்."

"என்னத் திட்டிடுங்கய்யா. நான்தான் அனுப்பினேன்."

"உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யிங்க. இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு போனார்.

பதிவறைக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது கூடத்தில் முன்வரிசைக்குக் கேட்கும். தையல்நாயகி வேண்டாம் என்று நினைத்தாலும் காது அங்கேயேதான் இருந்தது. கிடைத்த ஒரு நிமிடத்தில் பாதியை மனுஷன் சும்மா இருந்தே கழித்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் அதே கணீர்க் குரல் வந்தது.

"வசந்தா, அப்பா பேசறேன்டா. நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்படறேன். அந்த ஆத்தங்கரை எடத்த வுட்டுடாத, நல்ல எடம். ஆனா ஒண்ணு, மழ பேஞ்சா தண்ணி ஏறும். வூட்டக் கொஞ்சம் தள்ளியே கட்டு. உனக்கு நீச்சல் தெரியாது, சொல்லிப்புட்டேன். படில எறங்கறப்ப சாக்கிரதை."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல் நேரே போய் வாசலில் நின்றுகொண்டார்.

அடுத்து தையல்நாயகி. கேமராவுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் அங்கே இதை எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். முன்வரிசையில் பிள்ளைகள் இருப்பார்கள், வெள்ளாட்டுக் கனவோடு அல்லி இருப்பாள். அவளிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பெற்றவள் பாடு. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நித்திலா, அம்மாடி. தைலம் தேய்க்கறேன், வலி தேவல. நீ அனுப்பின படம் வந்துது. பாத்தேன், நல்லாப் பாத்தேன்." ஸ்டூலைக் கேமராவுக்குக் கிட்டே நகர்த்திக்கொண்டாள். "ஆனா புள்ளியெல்லாம் கோட்டு மேலயே உக்காந்திருக்கேடி. அளந்து எடுத்தா அப்படி வருமா? உன் கை எனக்குத் தெரியாதா? அடுத்த தடவ ரெண்டு மூணு புள்ளி மேலயும் கீழயும் செதறிக் கெடக்கட்டும். பாக்கறவங்களுக்கு அதுதான் நெசமாத் தெரியும். அம்மா சொல்றது புரியுதா? புரியும் உனக்கு. நீ என்னப் பத்திக் கவலப்படாத. நான் தாங்கிப்பேன். நன்செய்ல இப்ப வெயில் தாழ்ந்திருக்கும். அல்லிக்கு நல்ல ஆடா பாத்து வாங்கிக் குடு."

விளக்கு அணைந்தது. இது போய்ச் சேர இரண்டு வருஷம் ஆகும், பதில் வர அதற்கும் மேலே. தையல்நாயகிக்குப் போன மாதம்தான் எண்பது முடிந்திருந்தது.